நீலக்குயிலும் தண்டவாளமும்

சாதிக்கொடுமையைச் சாடிய பழைய இந்தியத் திரைப்படங்களுள் மலையாளத்து ‘நீலக்குயில்’ (1954) குறிப்பிடத்தக்கது. உறூபு எழுதிய கதையைப் பி. பாஸ்கரனும் ராமு காரியாட்டும் சேர்ந்து இயக்கினர். குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற படம் என்பர். ஆசிரியராகிய நாம் கருதவேண்டுவது வேறொன்று. இக்கதையில் தவறிழைப்பவன் ஒரு பள்ளி ஆசிரியன்.

ஸ்ரீதரன் நாயர் சிற்றூர்ப் பள்ளியில் கற்பிப்பவன். நீலி, புலையர் குலத்தவள். வயலிற் கூலிவேலை செய்பவள். பெருமழையில் ஒருநாள் அவன் வீட்டில் ஒதுங்குகிறாள், காதல் பிறக்கிறது. அவள் கருவுற்றதும் ஊர்ப்பழிக்கு அஞ்சி அவளைக் கைவிட்டு, தன் குலத்துப் பெண்ணை மணந்துகொள்கிறான். நீலியை அவள் இனத்தாரும் விலக்குகின்றனர். அன்றாடக் கூலியையே நம்பியவளுக்குச் சுற்றமும் போனபின் எஞ்சுவது யாது? தண்டவாளத்தருகே அவள் இறந்து கிடக்கிறாள். பக்கத்தே பச்சிளங் குழவி.

அக்குழவியை எடுத்து வளர்ப்பவன் அஞ்சற்காரன் சங்கரன் நாயர். அவனும் அதே நாயர் குலத்தவனே. எனினும் ஊரார் ஏச்சை ஒரு பொருட்டாக எண்ணவில்லை. பாஸ்கரனே இவ்வேடத்தை ஏற்றார். பாடம் சொல்பவனிடம் இல்லாத துணிவு கடிதம் கொணர்பவனிடம் இருந்ததென்று காட்டியதே இப்படத்தின் உயிர்நிலை. இந்தித் திரை மெட்டுகளை இரவல் வாங்கிய அக்காலத்தில், கே. ராகவன் கேரள நாட்டுப்பாடல் மெட்டுகளிலேயே இசையமைத்தார் என்பதும் சிறிய செய்தியன்று.

முடிவில் ஆசிரியன் மனம் வருந்தித் தன் மகனை ஏற்றுக்கொள்கிறான். மகனுக்கு வீடு கிடைத்தது, நீலிக்கு? பம்பாய் டாக்கீஸ் எடுத்த ‘அச்சுத் கன்யா’வில் (1936) ரயில்வே கேட் காவலாளியின் மகளாகிய தாழ்த்தப்பட்ட குலத்துக் கஸ்தூரியும் தண்டவாளத்திலேயே உயிர்விட்டாள். மேற்குலத்தார் மனம் இளக, இவர்கள் இறக்கவேண்டியிருந்தது! பிமல் ராயின் ‘சுஜாதா’வில் (1959) நாயகி உயிரோடிருந்து பிராமண இளைஞனை மணக்கிறாள், எனினும் வளர்ப்புத் தாய்க்குக் குருதி கொடுத்த பின்னரே அத்தாயின் மனம் மாறுகிறது.

திரைக்கு வெளியேயும் நோக்கவேண்டும். நீலக்குயிலுக்குக் கால் நூற்றாண்டுக்கு முன் எடுக்கப்பட்ட, மலையாளத்தின் முதற்படமாகிய ‘விகதகுமார’னில் நாயர் குலப் பெண்ணாக நடித்தவர் பி. கே. ரோசி. அவர் தாழ்த்தப்பட்ட குலத்தவர். அவ்வேடம் புனைந்ததற்காகவே எதிர்ப்புக்கு ஆளாகித் திருவனந்தபுரத்தை விட்டு ஓடினார். பின்னர் எப்படத்திலும் அவர் நடிக்கவில்லை.