காலண்டரைப் பாருங்கள்... கோபத்தின் காரணம் புரியும்!

காலை ஏழே கால் மணி. குக்கர் மூன்றாவது விசில் அடித்தாகிவிட்டது. பையனின் டிபன் பாக்ஸ் மூடியைக் காணவில்லை. ஆவடியிலிருந்து மின்சார ரயிலைப் பிடித்தால்தான் நேரத்துக்கு ஆபீஸ் போக முடியும். அந்த நேரம் பார்த்து, "காபி இன்னும் ரெடியாகலையா?" என்று கணவர் கேட்டதுதான் தாமதம்... "எனக்கென்ன பத்து கையா இருக்கு?" என்று பொரிந்து தள்ளிவிட்டு, அடுப்படிக்குள் போய் அழுகிறாள் மனைவி. ஏன் அழுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

நான்கு நாள் கழித்து மாதவிலக்கு. அது வந்த ஓரிரு நாளில் வீடு பழையபடி கலகலப்பாகிவிடும். அடுத்த மாதம் மறுபடி இதே கதை!

அம்பத்தூரோ, ஆவடியோ, பூந்தமல்லியோ... பல வீடுகளில் நடப்பதுதான் இது. "அவளுக்கு மூக்கு மேல கோபம்" என்று மாமியார் சொல்வார். "நான்தான் கெட்டவளோ?" என்று அவளும் தனக்குள் குமைவாள். ஆனால் இது குணக்கேடு அல்ல. மருத்துவத்தில் இதற்கு 'பி.எம்.எஸ்.', அதாவது மாதவிலக்குக்கு முந்தைய தொல்லைகள் என்று பெயர். 1931-லேயே அமெரிக்க டாக்டர் ராபர்ட் ஃபிராங்க் இதைப் பற்றி எழுதினார். 1953-ல் பிரிட்டனில் டாக்டர்கள் காத்தரினா டால்டனும் ரேமண்ட் கிரீனும் இப்போதுள்ள பெயரைச் சூட்டினார்கள்.

ஏன் வருகிறது?

கருமுட்டை வெளியானபின் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் ஏறி, விலக்குக்கு முன் சட்டென்று இறங்குகிறது. எல்லாப் பெண்களுக்கும் நடப்பதுதான். ஆனால் சிலருடைய மூளை இந்த ஏற்ற இறக்கத்தை அதிகமாக உணர்கிறது. மனநிலையைச் சீராக வைக்கும் செரோட்டோனின் தடுமாறுகிறது. அதனால்தான் எரிச்சல், அழுகை, மார்பு வலி, வயிறு உப்புசம், தலைவலி, தூக்கமின்மை எல்லாம். இவர்களில் பலருக்கு ரத்தத்தில் ஹார்மோன் அளவு சரியாகவே இருக்கும். 'டெஸ்ட்ல ஒண்ணும் இல்லையே' என்பதால் தொல்லை பொய் என்று ஆகிவிடாது.

முதல் மருந்து: காலண்டர்

சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் தினமும் ஒரு குறி போடுங்கள். கோபம் வந்தால் 'கோ', அழுகைக்கு 'அ', வலிக்கு 'வ'. விலக்கான நாளைச் சுற்றி வட்டமிடுங்கள். குறைந்தது இரண்டு மாதம் இப்படிச் செய்யுங்கள். குறிகள் வட்டத்துக்கு முந்தைய ஒன்றிரண்டு வாரத்தில் கூடி, விலக்கு வந்த சில நாளில் மறைந்தால் பி.எம்.எஸ். ஆக இருக்க வாய்ப்பு அதிகம். மாதம் முழுக்கப் பரவிக் கிடந்தால் காரணம் வேறு. தைராய்டு, ரத்தசோகை, மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அடுப்படியில் இருக்கும் உதவி

இயற்கை வழிகளில் ஓரளவு நல்ல ஆதாரம் உள்ளது கால்சியத்துக்கு. 1998-ல் அமெரிக்காவில் 466 பெண்களை வைத்து நடந்த ஆய்வில், தினம் 1,200 மில்லிகிராம் கால்சியம் எடுத்தவர்களுக்கு மூன்றாவது மாதத்தில் தொல்லைகள் 48 சதவீதம் குறைந்தன. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் 30 சதவீதம் குறைந்தது! அதனால், 'எனக்குக் கேட்டுது' என்று யாராவது சொன்னாலே எந்த மருந்தையும் நம்பிவிடாதீர்கள்.

நம் நாட்டுப் பெண்களுக்கு தினம் 1,000 மில்லிகிராம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (2020). இதில் பெரும்பகுதி சாப்பாட்டிலேயே கிடைக்கும். பாலும் தயிருமாக இரண்டு டம்ளரில் சுமார் 480, ஐம்பது கிராம் கேழ்வரகில் சுமார் 175, ஒரு பிடி முருங்கைக்கீரையில் சுமார் 150. எள்ளுருண்டையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் எள்ளில் உள்ள கால்சியம் முழுவதும் உடம்பில் ஒட்டாது. மாத்திரையாக எடுப்பதானால் டாக்டரைக் கேட்டுத்தான். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்து விழுங்கக் கூடாது.

* அந்த வாரத்தில் ஊறுகாய், அப்பளம், சிப்ஸைக் குறையுங்கள். மார்பு வலியும் தூக்கமின்மையும் இருந்தால் மாலைக் காபியை நிறுத்திப் பாருங்கள்.

* தினமும் அரை மணி வேகநடை. ஆவடிக்காரர்களுக்குப் பருத்திப்பட்டு ஏரிக்கரை இருக்கிறது. நேரமில்லையா? மொட்டை மாடி போதும்.

* வயிற்று வலிக்கு வெந்நீர் ஒத்தடம், இஞ்சிக் கஷாயம். பாட்டி கிண்டித் தரும் உளுந்தங்களி நல்ல சத்துணவு. ஆனால் அதையே மருந்தென்று நினைக்க வேண்டாம்.

மூலிகையா? யோசியுங்கள்

வெளிநாடுகளில் 'வைடெக்ஸ் ஆக்னஸ் காஸ்டஸ்' என்ற செடியின் பழச்சாறு பி.எம்.எஸ்.ஸுக்குப் பயன்படுகிறது. 2001-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் பலனும் தெரிந்தது. நம்ம ஊர் நொச்சி அதன் உறவுச் செடிதான். ஆனால் அதுவேதான் இது என்று நினைத்து நொச்சியை அரைத்துக் குடிக்காதீர்கள். நொச்சி ஆவி பிடிப்பதோடு இருக்கட்டும். கர்ப்பத்துக்கு முயற்சி செய்கிறவர்களும், கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் எந்த மூலிகையையும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. பி6 வைட்டமினையும் இஷ்டத்துக்குச் சாப்பிட வேண்டாம். அதிக அளவில் நீண்ட நாள் எடுத்தால் நரம்பு பாதிக்கும், கை கால் மரத்துப்போகும்.

சித்த மருத்துவம்தான் வேண்டும் என்பவர்களுக்கு அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை இருக்கிறது. படித்த மருத்துவரிடம் காட்டி, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளையும் சொல்லி, மருந்து வாங்குங்கள். பக்கத்து வீட்டு லேகியம் வேண்டாமே!

எப்போது தாமதிக்கக் கூடாது?

நூறில் சில பெண்களுக்கு இது மிகக் கடுமையாக வரும். வேலைக்குப் போக முடியாது, உறவுகள் முறியும், 'செத்துடலாம் போலிருக்கு' என்று தோன்றும். இதற்கு பி.எம்.டி.டி. என்று பெயர். கஷாயத்தில் காலம் கடத்தக் கூடாத கட்டம் இது. செரோட்டோனினைச் சீராக்கும் மாத்திரைகள் இதில் நன்றாக வேலை செய்கின்றன. சிலருக்கு விலக்குக்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் சாப்பிட்டாலே போதும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் விலக்கு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றே டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை

மனைவி கோபப்பட்டதும், "என்ன, அந்த டைமா?" என்று கிண்டல் செய்யாதீர்கள். அவள் கோபத்தில் நியாயமும் இருக்கலாம்! பத்துக் கைக்கான வேலையை இரண்டு கையால் செய்கிறவள் அவள். காலண்டரில் வட்டம் நெருங்கும்போது அந்த டிபன் பாக்ஸ் மூடியை நீங்களே தேடி எடுத்து வையுங்கள். காபியையும் நீங்களே கலந்துவிடுங்கள்... அவளுக்கும் சேர்த்து.