குக்கரின் காவலன்

நெற்களஞ்சியமாம் தஞ்சைத் தரணியில், சோறு வடித்த பானையின் இடத்தைப் பல இல்லங்களில் இன்று குக்கர் பெற்றுவிட்டது. இதன் முன்னோடிக் கலத்தை 1679ஆம் ஆண்டில் இலண்டன் அறிஞர் அவையில் காட்டியவர் தெனி பாப்பான் என்னும் பிரெஞ்சு அறிஞர். மிகுந்த நீராவியை வெளியேற்றும் காப்பு வால்வும் அவர் கண்டதே.

திறந்த பானையில் நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். குக்கருக்குள் அழுத்தம் கூடுவதால் வெப்பம் ஏறத்தாழ 120 பாகையை எட்டும். ஆதலின் சோறு விரைந்து வேகிறது. மிகுதி நீராவியை வெயிட் வெளிவிடும். ஆயின், தை அறுவடையின் புத்தரிசிக் கஞ்சியோ பருப்பின் நுரையோ நீராவிக் குழாயை அடைத்தாலும், நீர் வற்றிக் கலம் காய்ந்தாலும் ஆபத்து நெருங்கும். அப்போது மூடியிலுள்ள சேப்டி வால்வின் நடுவே பதித்த உலோகக் கலவை உருகி, நீராவிக்கு வழிவிடும்.

உருகிய வால்வைப் பழுதென்பர் சிலர். அன்று, அது தன் கடமையை முடித்தது. அத்துளையை ஈயம் பற்றவைத்தோ ஆணி செருகியோ அடைப்பது வெடிப்பை வரவேற்பதாகும். குழாயின் அடைப்பை முதலில் நீக்குக. பின்னர் அக்குக்கருக்கென அதே நிறுவனம் செய்த வால்வையே பொருத்துக. மைய அரசின் 2020ஆம் ஆண்டு ஆணை குக்கருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கியது. எனினும், முத்திரை பெற்ற குக்கரும் போலி வால்வால் காவலிழக்கும்.

உயிர் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைக் காக்கும் சிறு வால்வில் சிக்கனம் வேண்டா.