5 ஸ்டார் ஃப்ரிட்ஜ் எல்லா வீட்டுக்கும் லாபமா? கடைக்குப் போகும் முன் இபி பில்லைப் பாருங்க!

திண்டுக்கல்லில் வெயில் ஏற ஏற ஃப்ரிட்ஜ் கடைகளிலும் கூட்டம் ஏறும். “5 ஸ்டார் எடுங்க, கரென்ட் பில் குறையும்” என்பார்கள். ஆனால், 3 ஸ்டாரைவிடக் கூடுதலாகக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாய் திரும்பக் கிடைக்குமா? அது உங்கள் வீட்டு யூனிட்டைப் பொறுத்தது.

ஸ்டார் எதைச் சொல்கிறது?

மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பிஇஇ, 2006-ல் ஸ்டார் லேபிளைக் கொண்டுவந்தது. ஒரே வகை, ஒரே அளவு ஃப்ரிட்ஜ்களில் எது குறைவாகக் கரென்ட் இழுக்கும் என்பதைத்தான் ஸ்டார் காட்டும். பெரிய 5 ஸ்டார் டபுள் டோர், சின்ன 3 ஸ்டார் சிங்கிள் டோரைவிட அதிகம் இழுக்கலாம். எனவே ஸ்டாரை எண்ணுவதோடு நிற்காமல், லேபிளில் உள்ள ‘ஆண்டுக்கு இத்தனை யூனிட்’ என்ற எண்ணைப் பாருங்க. லேபிள் எந்த ஆண்டுக்கானது என்பதும் முக்கியம். விதிகள் அவ்வப்போது கடுமையாவதால், பழைய ஸ்டாக்கின் 5 ஸ்டார் புதுக் கணக்கில் குறையும்.

உங்க வீடு எந்தப் பக்கம்?

லேபிளில் 3 ஸ்டாருக்கு 250, 5 ஸ்டாருக்கு 180 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 70 யூனிட் மிச்சம். இரண்டு மாத பில்லில் சுமார் 12 யூனிட்.

* 100 யூனிட்டுக்குள்: ஏற்கெனவே இலவசம். மிச்சமாகும் பணம் பூஜ்யம்.

* 200 முதல் 400 வரை: யூனிட் சுமார் 4.70 ரூபாய். ஆண்டுக்கு 330, பத்து ஆண்டில் 3,300 ரூபாய். விலை வித்தியாசம் இதைத் தாண்டினால் லாபமில்லை.

* 500-ஐ ஒட்டி: இங்கேதான் 5 ஸ்டார் கைகொடுக்கும். 500-க்குள் இருக்கும்வரை 101 முதல் 200 வரையிலான யூனிட்களுக்குப் பாதி விலைதான். 501 ஆனால் அந்தச் சலுகை போய், ஒரே பில்லில் சுமார் 235 ரூபாய் கூடும். அந்த 12 யூனிட் உங்களைக் கோட்டுக்குள் நிறுத்தலாம். ஆறு பில்லிலும் அப்படி நடந்தால் ஆண்டுக்கு 1,400 ரூபாய்க்கு மேல் மிச்சம்.

வாடகை வீட்டில் சப்-மீட்டர் வைத்து ஓனர் ஒரே ரேட் வாங்குகிறாரா? அந்த ரேட்டை 70-ஆல் பெருக்கினால் ஆண்டு மிச்சம் தெரிந்துவிடும்.

வெயிலும் அளவும்

லேபிள் எண் ஆய்வகச் சோதனையில் வந்தது. அதே ஃப்ரிட்ஜ் கொடைக்கானல் குளிரில் குறைவாகவும், திண்டுக்கல் சமவெளியில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள சமையலறையில் அதிகமாகவும் ஓடும். அடுப்புக்குப் பக்கத்திலும், மாலை வெயில் படும் சுவரோரமும் வைக்க வேண்டாம். பின்னால் காற்றோட்டத்துக்கு இடம் விடுங்க.

இரண்டு மூன்று பேருக்கு 190 முதல் 250 லிட்டர் பொதுவாகப் போதும். ஒட்டன்சத்திரம் சந்தை பக்கத்திலேயே இருக்க, ஒரு மாதக் காய்கறியை அடுக்கி வைக்கத் தேவையில்லை.

புதுசு வந்த பிறகு பழைய ஃப்ரிட்ஜைத் தண்ணீர் பாட்டிலுக்காக ஓடவிட்டால், மிச்சமானதும் அதிலேயே போய்விடும்.

கடைக்குப் போகும் முன், கடைசி ஆறு இபி பில்களைப் பாருங்க. 500-ஐ எத்தனை முறை தொட்டிருக்கிறீர்கள் என்பதே 3 ஸ்டாரா, 5 ஸ்டாரா என்று சொல்லிவிடும்.