இறுகிப்போன எஞ்சின் போல்ட்டைக் கழற்றுதல்

தன்னாமுனைக்குத் திரும்பி வாவித் தொழிலைத் தொடங்குவோர், நெடுநாள் சும்மா கிடந்த படகு எஞ்சினைக் கழற்ற வேண்டியிருக்கும். அவசரப்பட்டுத் திருக வேண்டாம். உப்புத் தண்ணீர் பட்டால் இரும்பு போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாகப் புரிகளை அடைத்துவிடும். போல்ட் உள்ளே முறிந்தால் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும். இறால் காலத்தில் எஞ்சின் கரையில் கிடக்கும்.

துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாள் போல்ட் தலையில் சுத்தியலால் மெதுவாகப் பல தடவை தட்டி, அளவு பொருந்தும் ஆறுமூலைச் சொக்கெற்றைப் போட்டு, சற்று இறுக்கிய பிறகு தளர்த்துங்கள். கொஞ்சம் அசைந்தாலும் ஒரேயடியாகத் திருகாமல், மறுபடி எண்ணெய் விட்டு முன்னும் பின்னும் ஆட்டுங்கள்.

அசையாவிட்டால் சூடு காட்டலாம். அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய 2 மடங்கு விரியும். எனவே போல்ட்டை அல்ல, சுற்றியுள்ள உடலைச் சூடாக்குங்கள். தீ வேண்டாம். தாங்கியையும் எரிபொருள் குழாயையும் தூர வைத்து, காபரேட்டரில் மிஞ்சியதை வடித்து, கொதிநீரில் தோய்த்த துணியைச் சுற்றுங்கள்.

தலை தேய்ந்து வழுக்கினால், இரு பக்கமும் அரத்தால் தட்டையாக்கி வைஸ்கிறிப்பால் கவ்விப் பிடியுங்கள். தலை முறிந்துவிட்டால் நீங்கள் துளைக்கப் போகாமல் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

திரும்பப் பூட்டும்போது புரிகளில் கிறீஸ் பூசுங்கள். துருப்பிடிக்காத போல்ட் என்று கடையில் வாங்கியதும் அலுமினியத்தில் இறுகும், அதற்கும் பூசுங்கள்.