தொலைவில் ஒரு துணை

இரவு பதினொரு மணி. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், அடுக்ககத்தில் தனியே வாழும் ஒருவர் அடுப்பை அணைக்க மறந்து உறங்கச் சென்றுவிடுகிறார் எனக் கொள்வோம். அவர் நாற்பது வயதை நெருங்குபவர். பிறவியிலேயே அறிவுசார் குறைபாடு உடையவர். கடையொன்றில் பணிபுரிகிறார், தம் உணவைத் தாமே சமைத்துக்கொள்கிறார். ஆயினும், ஒரு வேலையின் நடுவே அடுத்துச் செய்யவேண்டியதை மறந்துவிடுவது உண்டு. அடுப்பருகே பொருத்தப்பட்ட உணரி, வெப்பம் தணியாததை அறிந்து செய்தி அனுப்புகிறது. வெகுதொலைவிலுள்ள மையத்தில் விழித்திருக்கும் பணியாளர் காணொலியில் அவரை அழைத்து, "அடுப்பை ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறீர்களா?" என்று கேட்கிறார். அவரே எழுந்து சென்று அணைக்கிறார். இதற்குத் தொலைநிலை ஆதரவு என்று பெயர்.

இத்தகைய வாழ்வு அரை நூற்றாண்டுக்கு முன்னர் அந்நாட்டில் எளிதில் வாய்க்கவில்லை. அறிவுசார் குறைபாடுடைய குழந்தை பிறந்தால் அதனைப் பெரிய காப்பகத்தில் ஒப்படைத்துவிடுமாறு மருத்துவர்களே பெற்றோருக்கு அறிவுரை கூறிய காலம் அது. நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவில் இருந்த வில்லோபுரூக் காப்பகம் ஏறத்தாழ 4,000 பேருக்கென அமைக்கப்பட்டது; 1960களில் அங்கு அடைபட்டிருந்தோர் ஏறத்தாழ 6,000 பேர். 1972ஆம் ஆண்டு அதன் அவலம் தொலைக்காட்சியில் வெளியானபோது நாடே அதிர்ந்தது. 1987இல் அது மூடப்பட்டது. சமூகத்தில் வாழும் தகுதியும் விருப்பமும் உடையோரைத் தேவையின்றி நிறுவனங்களில் வைத்திருப்பது பாகுபாடே என்று 1999ஆம் ஆண்டு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த இரு பெண்கள் தொடுத்த வழக்கு அது.

காப்பகங்கள் மூடப்பட்டுச் சிறு இல்லங்கள் தோன்றிய பிறகும் ஒரு சிக்கல் எஞ்சியது. வீட்டினுள் இரவெல்லாம் ஒரு பணியாளர் அமர்ந்திருந்தால், அது யாருடைய வீடு? அவ்வாறு அமர்ந்திருக்க ஆட்களும் போதவில்லை. இந்த இடத்தில்தான் தொழில்நுட்பம் நுழைந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித் திட்டங்களை வகுக்கும்போது தொழில்நுட்பத்தின் பயனையும் கருதிப் பார்க்கவேண்டும் என்று ஒகையோவின் ஆளுநர் ஜான் கேசிக் 2018ஆம் ஆண்டு ஆணை பிறப்பித்தார்.

கருவிகள் எளியவை. கதவில் உள்ள உணரி, மாலையில் கதவு திறந்தால் வாளாவிருக்கும். நள்ளிரவு இரண்டு மணிக்குத் திறந்தால் செய்தி அனுப்பும். படுக்கையின் அடியில் உள்ள உணரி, எழுந்து சென்றவர் நெடுநேரம் திரும்பாததை உணர்த்தும். உரிய வேளையில் மட்டும் ஒலியெழுப்பித் திறக்கும் மருந்துப்பெட்டியும் உண்டு. எதனைத் தெரிவிக்கவேண்டும், எதனைத் தெரிவிக்க வேண்டியதில்லை என்பது ஒவ்வொருவருக்கும் தனித்தனியே முன்கூட்டி முடிவு செய்யப்படுகிறது. எனினும், தொலைவிலிருந்து பேசும் குரல் விழுந்தவரைத் தூக்கிவிடாது. ஆகவே, அழைத்தவுடன் விரைந்து வரக்கூடிய ஒருவர் அருகில் இருந்தாக வேண்டும். அவர் தமக்கையாகவோ, அண்டை வீட்டாராகவோ, ஊதியம் பெறும் பணியாளராகவோ இருக்கலாம். அத்தகையவர் இல்லாத இடத்தில் இம்முறை பொருந்தாது. உண்பதற்கும் எழுவதற்கும் பிறர் கைத்துணை எப்போதும் தேவைப்படுவோர்க்கும் இது போதாது.

காணும் கண்ணும் கேட்கும் செவியும் வீட்டினுள் வரும்போது, அவ்வீடு மீண்டும் காப்பகமாகிவிடாதா என்னும் ஐயம் எழுவது இயல்பு. அது நியாயமான ஐயமே. அதனால்தான், வீட்டினுள் நிகழ்வதைக் காணவோ கேட்கவோ வல்ல கருவியைப் பொருத்துவதற்கு, அங்கு வாழ்பவரிடமும் உடன் வசிப்போர் ஒவ்வொருவரிடமும் முழுமையாக விளக்கி, எழுத்துவழி ஒப்புதல் பெறவேண்டும் என்று ஒகையோவின் விதிகள் கூறுகின்றன. அந்த விளக்கம் அவருக்குப் புரியும் மொழியில் அமைவதுதான் அரிது. படங்களின் துணையோடு, கருவியைக் கையில் கொடுத்து, சில நாள்கள் பழகவிட்டுக் கேட்பதே உண்மையான ஒப்புதலாகும். பெற்றோர் தலையசைத்தால் போதும் என எண்ணுவது பிழை.

பெற்றோரின் அச்சத்தையும் குறைத்து மதிப்பிடலாகாது. தம் காலத்திற்குப் பின் பிள்ளையின் நிலை என்னவாகும் என்று நாள்தோறும் எண்ணிக் கலங்குவோர்க்கு, எல்லா அறையிலும் கேமரா வைப்பது அன்பாகவே தோன்றும். ஆனால், தவறிச் செய்து கற்றுக்கொள்ளும் வாய்ப்பு மனிதர் எவருக்கும் உரியது. ராபர்ட் பெர்ஸ்கி என்பார் 1972ஆம் ஆண்டிலேயே இதனை இடர் ஏற்கும் மாண்பு என்னும் கருத்தாக எடுத்துரைத்தார். எங்கு, யாருடன் வாழ்வது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை ஐக்கிய நாடுகள் அவையின் 2006ஆம் ஆண்டு உடன்படிக்கை மாற்றுத்திறனாளிகளுக்கு உறுதிசெய்கிறது. இந்தியா 2007இல் அதனை ஏற்றது.

செலவு குறைகிறது என்பதற்காகவே அரசுகள் இம்முறையை நாடும் ஆபத்தும் உண்டு. கதவு திறந்ததை உணரி அறியும். ஒரு வாரமாக யாரும் அக்கதவைத் தட்டவில்லை என்பதை எண்ணி வருந்த அதற்குத் தெரியாது. இரவுப் பணியாளரை விலக்கியதால் மிஞ்சும் நேரமும் பணமும், அவரை நண்பர்களிடமும் திரையரங்கிற்கும் அழைத்துச் செல்லச் செலவிடப்படுகின்றனவா என்பதைத் திட்டத்தை மதிப்பிடுவோர் கேட்டாக வேண்டும்.

அடுப்பை மறந்தவரிடம் மீண்டும் வருவோம். மாதங்கள் செல்லச்செல்ல, அவ்வுணரியிடமிருந்து வரும் செய்திகள் குறைந்துகொண்டே வரலாம். அடுத்த மதிப்பீட்டுக் கூட்டத்தில் அவர் தாமே எழுந்து, "இது இனி எனக்குத் தேவையா?" என்று கேட்கக்கூடும். அக்கேள்விக்குரிய விடையை அக்குழுவினர் அவரோடு அமர்ந்தே முடிவு செய்வர்.