தாத்தாவின் பெல்பாட்டம்

முதலாண்டு இயற்பியல் மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு நடந்துகொண்டிருந்தது. இருவர் இருவராக நின்று திருகு அளவியால் கம்பியின் விட்டத்தை அளந்துகொண்டிருந்தார்கள். ஒரே ஒரு மாணவன் மட்டும் கடைசி மேசையைவிட்டு நகரவே இல்லை. பதிவேட்டில் கையொப்பம் வாங்க எல்லாரும் என்னிடம் வந்தபோதும் அவன் வரவில்லை. நானே அருகில் சென்று பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. அவன் அணிந்திருந்தது பெல்பாட்டம்! தொடையில் இறுகி, முழங்காலுக்குக் கீழே கோயில் மணிபோல் விரிந்து, செருப்பை முழுவதும் மூடி நின்றது அந்தப் பழுப்பு நிறப் பேண்ட். அடி ஓரத்தில், தரையில் உராய்ந்து நைந்துபோகாமல் இருக்க, சுற்றிலும் ஜிப் வைத்துத் தைத்திருந்தார்கள். அந்தக் காலத்துத் தையற்காரர்களின் கைவேலை அது.

"எங்கேயப்பா கிடைத்தது?" என்று கேட்டேன்.

"எங்கள் தாத்தாவுடையது சார். பெட்டியில் இருந்தது. போட்டுப் பார்த்தேன், சரியாக இருந்தது. நன்றாகத்தானே இருக்கிறது என்று கிளம்பிவிட்டேன். பஸ்ஸில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள் சார். வகுப்பிலும் அப்படித்தான். காலையில் அப்பாவும் கோபித்துக்கொண்டார். இனிமேல் இதைத் தொடமாட்டேன்."

'எல்லாரும்' என்ற சொல்லைக் கேட்டால் இயற்பியல் ஆசிரியனால் சும்மா இருக்க முடியுமா? எத்தனை பேர் பார்த்தார்கள், எண்ணினாயா என்று கேட்டேன். விழித்தான்.

மறுநாள் அவன் வழக்கமான உடையில் வந்து உட்கார்ந்திருந்தான். யார் பெயரையும் சொல்லாமல் வகுப்பில் பொதுவாக ஒரு கேள்வி கேட்டேன்: "நேற்று ஆய்வகத்துக்கு யாராவது வித்தியாசமான உடையில் வந்திருந்தார்களா?" விரல்விட்டு எண்ணும் அளவில்தான் கைகள் உயர்ந்தன. அவர்களிலும் ஒருவன் சொன்னது என்னுடைய சட்டையை! தலை குனிந்திருந்த நம் மாணவன் மெல்ல நிமிர்ந்து, உயர்ந்த கைகளை எண்ணுவதைப் பார்த்தேன்.

இந்தச் சோதனையை நான் கண்டுபிடித்ததாக நினைத்துவிடாதீர்கள். இதை முறையாகச் செய்தவர்கள் அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியல் அறிஞர் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய தோழர்களும். அவர்களுடைய ஆய்வு 2000-இல் வெளியாயிற்று. ஒரு மாணவனிடம் ஒரு பனியன் சட்டையைக் கொடுத்து அணியச் சொல்வார்கள். அதில் பாரி மானிலோ என்ற பாடகரின் படம் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கும். 1970-களில் புகழின் உச்சியில் இருந்தவர் அவர். ஆனால் இருபது ஆண்டுகள் கழிந்த பின் கல்லூரி இளைஞர்களுக்கு அந்தப் படத்தை மார்பில் சுமப்பது பெரிய வெட்கக்கேடு. அந்தக் கோலத்தில் அவனை, மற்ற மாணவர்கள் உட்கார்ந்து வினாத்தாள் நிரப்பிக்கொண்டிருக்கும் அறைக்குள் தாமதமாக அனுப்புவார்கள். சிறிது நேரத்தில் வெளியே அழைத்து, "உன் சட்டையில் இருந்தது யார் என்று உள்ளே எத்தனை பேர் சொல்லமுடியும்?" என்று கேட்பார்கள். ஏறக்குறைய பாதிப்பேர் என்பது அணிந்தவர்களின் மதிப்பீடு. உண்மையில் சரியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழக் கால் பங்கினர்தான்!

வெட்கப்படும்போது மட்டும்தான் இந்தப் பிழை என்றும் எண்ணவேண்டாம். பெருமையோடு அணியக்கூடிய படங்களைக் கொடுத்தும் பார்த்தார்கள். மார்ட்டின் லூதர் கிங் படம் அவற்றுள் ஒன்று. அப்போதும் அணிந்தவர்கள் பாதிக்குப் பாதி எதிர்பார்த்தார்கள். கவனித்தவர்களோ பத்தில் ஒருவர்கூட இல்லை.

நாடக மேடையில் ஒரே நடிகரின்மேல் வட்டமாக விழும் விளக்கைப் பார்த்திருப்பீர்கள். அப்படியொரு விளக்கு தம்மேல் விழுந்துகொண்டே இருப்பதாக ஒவ்வொருவரும் எண்ணிக்கொள்வதால், இதற்கு 'மேடை விளக்கு விளைவு' என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். கணக்கு வகுப்பு மொழியில் சொன்னால், ஒவ்வொருவரும் தம்மையே ஆதிப்புள்ளியாகக் கொண்டு உலகத்தை அளக்கிறோம். பஸ்ஸில் இருந்த நாற்பது பேரும் அப்படியே. அவர்களில் ஒருவர் தம் சட்டையின் கிழிந்த பையைப் பற்றியல்லவா கவலைப்பட்டுக்கொண்டிருந்திருப்பார்!

சரி, கால் பங்கினராவது கவனிக்கிறார்களே, அவர்கள் என்ன நினைக்கிறார்கள்? இங்கேதான் உடையின் வயது கணக்கில் வருகிறது.

லண்டனில் விக்டோரியா-ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் லேவர் என்பவர் உடைகளின் வரலாற்றை ஆராய்ந்தவர். 1937-இல் வெளியிட்ட நூலில் அவர் ஒரு கால அட்டவணையைத் தந்தார். ஓர் உடையை அதன் காலத்துக்கு முன்னதாக அணிந்தால் ஊர் ஏசும். உரிய காலத்தில் அணிந்தால் அதுவே நாகரிகம். ஓராண்டு போனால் சோபை குன்றிவிடும். பத்து ஆண்டுகளில் அது பார்க்கச் சகிக்காது. இருபதாவது ஆண்டில் கேலிக்குரியது, முப்பதில் வேடிக்கை, ஐம்பதில் விந்தையான பழம்பொருள், எழுபதில் மனத்தைக் கவர்வது. நூறும் தாண்டி நூற்றைம்பதாவது ஆண்டில் அதுவே அழகு!

இதை 'லேவர் விதி' என்று அழைக்கிறார்கள். நியூட்டன் விதிகளின் வரிசையில் வைத்துவிடாதீர்கள். கூர்மையான ஒருவரின் கணிப்பு, அவ்வளவுதான். ஆண்டுக் கணக்கு முன்பின் ஆகலாம். ஆனால் வளைகோட்டின் வடிவம் சரியென்றே எனக்குத் தோன்றுகிறது. மதிப்பு வேகமாகச் சரிந்து, ஒரு பள்ளத்தில் கிடந்து, பிறகு மிக மெதுவாக ஏறுகிறது. 1960-களின் நடுவில் லண்டனில் போர்ட்டபெல்லோ சாலையில் பழைய இராணுவச் சீருடைகளை விற்ற கடை ஒன்று பெரும் புகழ் பெற்றது. விக்டோரியா அரசி காலத்துப் படைவீரர் கோட்டுகளை இளைஞர்கள் ஆசையோடு வாங்கி அணிந்தார்கள். கிட்டார் மேதை ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பொன்னிறப் பின்னல் வைத்த பழைய குதிரைப்படைச் சட்டையோடுதான் பல படங்களில் காட்சி தருகிறார். அந்தக் கோட்டுகள் பள்ளத்தைக் கடந்து மேலேறிவிட்டவை. அதே இளைஞர்களிடம் அவர்கள் தந்தையாரின் 1940-களின் கோட்டைக் கொடுத்திருந்தால் எத்தனை பேர் தொட்டிருப்பார்கள்?

பெல்பாட்டத்தின் கதையும் இதுவேதான். அது முதலில் கப்பல் மாலுமிகளின் உடை. 1960-களில் அமெரிக்க இளைஞர்கள் கடற்படையில் மிஞ்சிய பேண்டுகளை மலிவு விலையில் வாங்கி அணியத் தொடங்கினார்கள். அங்கிருந்து பாட்டுக் கச்சேரிகளுக்கும் சினிமாவுக்கும் பரவி, 1970-களில் நம் ஊர்த் தையற்கடைகளுக்கு வந்து சேர்ந்தது. தாத்தாவின் புதிய நாகரிகமே இன்னொருவருடைய பழைய துணிதான்!

அந்நியரின் பார்வையைப் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். பழங்கால உடை வேறு, பராமரிக்காத உடை வேறு. 1955-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் ஒருவரைச் சாலை விளக்கை மீறிக் கடக்கச் செய்து பார்த்தார்கள். அவர் மடிப்புக் கலையாத கோட்டும் டையும் அணிந்திருந்தபோது, பின்னாலேயே விதியை மீறிச் சென்றவர்கள், அவர் ஒட்டுப்போட்ட அழுக்கு உடையில் கடந்தபோது சென்றவர்களைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தார்கள். ஆள் ஒருவரே, தெருவும் அதுவே. கந்தையானாலும் கசக்கிக் கட்டச் சொன்ன நம் பாட்டிமாருக்கு இது புதிய செய்தி அல்ல.

முதலில் முறைத்துப் பார்த்த அந்நியர் கடைசிவரை அப்படியேதான் இருப்பாரா? 1967-இல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. ஒரு மாணவர் பெரிய கறுப்புப் பைக்குள் முழு உடலையும் மறைத்துக்கொண்டு வகுப்புக்கு வந்தார். வெறும் பாதங்கள் மட்டுமே வெளியே தெரியும். அவர் யார் என்று பேராசிரியருக்கு மட்டும் தெரியும். ஒரு நாள் அல்ல, இரண்டு மாதங்கள் இப்படியே வந்தார். தொடக்கத்தில் மற்ற மாணவர்களுக்கு அவர்மேல் எரிச்சலும் பகையும். போகப்போக அது ஆவலாக மாறியது. கடைசியில் நட்பாகவே ஆகிவிட்டது! ராபர்ட் சயன்ஸ் என்ற உளவியல் அறிஞர் 1968-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையை இந்தச் செய்தியோடுதான் தொடங்கினார். ஒரு பொருளை அடிக்கடி காண்பதே அதன்மேல் விருப்பம் வளரப் போதும் என்பது அவர் சோதனைகளில் கண்ட முடிவு.

இவையெல்லாம் அந்நியரைப் பற்றியவை. வீட்டார் விஷயம் வேறு. அவர்கள் பார்ப்பது உடையை அல்ல.

நம் மாணவனின் வீட்டில் என்ன நடந்தது என்பதைச் சில நாள் கழித்து அவனே சொன்னான். அவன் அந்தப் பேண்டோடு அறையிலிருந்து வெளியே வந்தபோது, அப்பா பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்திவிட்டு, "இதையா போட்டுக்கொண்டு காலேஜுக்குப் போகப்போகிறாய்? கழற்றுடா!" என்று கத்தினார். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. வாசற்படிவரை வந்தார். குனிந்து, பேண்டின் மடிப்பை விரலால் ஒருமுறை நீவிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்த மடிப்பைப் பற்றி நான் கொஞ்சம் பேசியாக வேண்டும். அது டெரிலின் துணி. 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இரு வேதியியல் அறிஞர்கள் உருவாக்கிய பாலியெஸ்டர் இழை. இதன் நீண்ட மூலக்கூறுகள் ஏறத்தாழ 70, 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சற்றே நெகிழும். சூடான இஸ்திரிப் பெட்டியின்கீழ் மடித்து அழுத்தினால் புதிய நிலைக்கு நகர்ந்து, ஆறியதும் அங்கேயே உறைந்துவிடும். பிறகு குளிர்ந்த நீரில் எத்தனை முறை துவைத்தாலும் மடிப்பு முழுதும் போகாது. ஆகவே, பாட்டி நீவிய கோடு தாத்தா என்றோ தேய்த்த கோடுதான்.

இன்னொன்றும் உண்டு. அந்தப் பேண்ட் பெட்டியில் அந்துருண்டைகளோடு கிடந்தது. அந்துப்பூச்சியின் புழு கம்பளியையும் பட்டையும் அரிக்கும். டெரிலின் அதற்கு உணவே அல்ல, அந்துருண்டை தேவையே இல்லை. இது பாட்டிக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் போட்டிருப்பார் என்றே நினைக்கிறேன். அந்துருண்டை பெரும்பாலும் நாப்தலீன். திண்ம நிலையிலிருந்து உருகாமலே ஆவியாகும் பதங்கமாதலுக்கு உங்கள் பாடப் புத்தகம் தரும் எடுத்துக்காட்டு. ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் கரைந்து, துணி முழுவதும் தன் மணத்தை ஏற்றிவைத்திருந்தது. (பெட்டியிலிருந்து எடுத்த துணியை நன்றாகக் காற்றாட வெயிலில் போட்ட பிறகே அணியவேண்டும். கைக்குழந்தை உள்ள வீட்டில் இது மிக அவசியம். சில குழந்தைகளுக்கு நாப்தலீன் ஆவியால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும் ஆபத்து உண்டு.)

நாம் காண்பதும் கேட்பதும் மூளையில் தலாமஸ் என்ற இடைநிலையத்தில் நின்றுதான் மேலே செல்கின்றன. மணம் மட்டும் அங்கே நிற்பதில்லை. உணர்ச்சியையும் நினைவையும் ஆளும் பகுதிகளுக்கு அதற்குக் குறுக்குவழி உண்டு. வாசலில் நின்ற பாட்டிக்குக் கண்ணில் பட்டது பேரனின் கால். மூக்கில் பட்டது வேறொரு காலம்.

அன்று இரவு சாப்பிடும்போதுதான் பாட்டி வாய் திறந்தாராம். "1976-இல் அவர் இதைத் தைத்துப் போட்டுக்கொண்டு வந்தபோது, தெருக் கூட்டவா போகிறாய் என்று உன் கொள்ளுத்தாத்தா வீட்டுக்குள்ளேயே விடவில்லை. இன்றைக்கு உன் அப்பன் கத்துகிறான்" என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. வெகுநேரம் கழித்து அவர் சொன்னார்: "1991-இல் நான் எட்டாவது படித்தேன். ஃபீஸ் கட்ட அப்பா இந்தப் பேண்டில் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பையன்கள் எல்லாரும் பார்த்துச் சிரித்தார்கள். இனிமேல் நீங்கள் பள்ளிக்கூடத்துக்கு வராதீர்கள் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவர் இதைப் போடவும் இல்லை, அங்கே வரவும் இல்லை."

1976-க்கும் 1991-க்கும் இடையே 15 ஆண்டுகள். லேவர் அட்டவணையில் பள்ளத்தின் நடுப்பகுதி. அட்டவணை சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னை உறுத்துவது 'எல்லாரும்' என்ற அந்தச் சொல். அன்று அந்த முற்றத்தில் உண்மையில் எத்தனை பையன்கள் பார்த்தார்கள்? கால் பங்கா? பத்தில் ஒருவனா? யாரும் கை தூக்கச் சொல்லிக் கேட்கவில்லை. இனி அளக்கவும் வழியில்லை.

போன வாரம் வெர்னியர் அளவி செய்முறை. நம் மாணவனின் மேசையருகே கால் மணி நேரம் நின்று, அவன் எடுத்த அளவுகளைத் திருத்தினேன். சுழிப்பிழையைக் கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டியிருந்தான். கண்டித்துவிட்டு நகர்ந்தேன்.

"சார், இன்றைக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்" என்றான் பின்னாலிருந்து. திரும்பிப் பார்த்தேன். ஆமாம்! அப்பாவே இஸ்திரி போட்டுக் கொடுத்தாராம்.