டிக்கியில் நீர்க்கசிவு

மகிழுந்தின் பின்புறத்தில் பொருட்களை வைப்பதற்காக அமைந்த அறை டிக்கி எனப்படுகிறது. மூடி அடைத்திருக்கும்போதே மழைநீரோ வண்டி கழுவும் நீரோ இவ்வறைக்குள் புகுவது டிக்கி நீர்க்கசிவு ஆகும். பழைய வண்டிகளில் இது பரவலாகக் காணப்படும் குறையாகும். மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங் இறுகித் தட்டையாவதும், தகடுகளின் இணைப்புகளில் பூசப்பட்ட சீலண்ட் உலர்ந்து விரிசல் விடுவதும் இதன் முதன்மையான காரணங்கள்.

விளைவுகள்

டிக்கித் தரையின் மிகத் தாழ்வான பகுதி மாற்றுச்சக்கரம் வைக்கப்படும் குழியாகும். (இந்தியாவில் இச்சக்கரத்துக்கு வழங்கும் ஸ்டெப்னி என்ற பெயர், வேல்சின் லனெல்லி நகரிலுள்ள ஸ்டெப்னி தெருவின் பெயரிலிருந்து வந்தது, 1904 இல் அங்கு இத்தகைய சக்கரம் உருவாக்கப்பட்டது.) உள்ளே வரும் நீர் விரிப்பின் அடியில் ஓடி இக்குழியில் சேர்கிறது. விரிப்பு மேலே உலர்ந்தே தெரிவதால், வழியில் சக்கரம் பஞ்சராகும் நாளில்தான் பலர் இதனை அறிகின்றனர். அதற்குள் ஜாக்கியும் துருவேறி இறுகியிருக்கும்.

பூஞ்சை வாடை, கண்ணாடிகளில் உட்புறம் நீராவி படிதல் ஆகியவை தொடக்க அறிகுறிகள். 1959 இல் வெளிவந்த மினி, முதலிரு தலைமுறை மாசுடா எம்எக்சு-5 போன்ற வண்டிகளில் மின்கலமே டிக்கியில் இருப்பதால் மின்கோளாறுகளும் நேரலாம். துரு தரைத்தகட்டோடு நிற்பதில்லை. சசுபென்சன், இருக்கைப்பட்டை ஆகியன பொருத்தப்படும் இடங்களுக்குப் பரவினால் வண்டியின் வலிமை குறைகிறது. பிரித்தானியாவின் ஆண்டுத் தகுதிச் சோதனையில், இத்தகைய பொருத்துமிடங்களிலிருந்து 30 செ.மீ. தொலைவுக்குள் உள்ள கடுந்துரு தனிக் கவனம் பெறுகிறது.

அதிகம் பேசப்படாத இன்னொரு இடரும் உண்டு. ஓடும் வண்டியின் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைவதால் புகைபோக்கியின் புகை அங்கேயே சுழல்கிறது. நீர் நுழையும் இடைவெளி வழியே அப்புகையும் நுழையக்கூடும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நச்சு வளிமமாகும்.

நீர் புகும் வழிகள்

பீடிங்கை மட்டும் மாற்றிவிட்டு, கசிவு நிற்கவில்லையே என வியப்போர் பலர். பின்விளக்குகளின் அடியிலுள்ள மெத்தை, பின்கண்ணாடியின் விளிம்பு, ஏரியல் பொருத்திய துளை, எண்பலகை விளக்கு, வண்டியின் பெயர்ச்சின்னத்தைப் பிடித்திருக்கும் துளைகள், கூரைத் தகடும் பக்கத் தகடும் சேரும் இணைப்பு ஆகிய அனைத்தும் ஐயத்திற்குரியவையே. பின்பம்பரின் மறைவில், வண்டியினுள் உள்ள காற்று வெளியேறுவதற்கான மடல் அமைந்த துவாரங்கள் பல வண்டிகளில் உண்டு. அவற்றின் விளிம்பு ரப்பரும் நலிவடைகிறது.

கண்டறிதல்

நீர், தகட்டின் உட்புறத்தை ஒட்டியே வழிந்து நெடுந்தொலைவு செல்லும். எனவே நீர் தேங்கும் இடத்தைக் கொண்டு அது நுழையும் இடத்தை முடிவு செய்யலாகாது. முதலில் விரிப்பு, பக்க மறைப்புகள், ஸ்டெப்னி ஆகியவற்றை அகற்றி அறையை முற்றிலும் உலர்த்த வேண்டும். பின்னர் ஐயத்திற்குரிய இடங்களின் கீழே முகப்பவுடரைத் தூவினால், நீர் வழியும் தடம் கோடாகத் தெரியும்.

அடுத்து ஒருவர் கைவிளக்குடன் உள்ளே இருக்க, மற்றவர் வெளியிலிருந்து குழாய் நீரை மெதுவாக ஊற்ற வேண்டும். கீழிருந்து தொடங்கி, ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடங்கள் நிறுத்தி, மேல்நோக்கிச் செல்வதே முறை. மேலிருந்து தொடங்கினால் வழியும் நீர் அனைத்து இடங்களையும் நனைத்துவிடும். எது கசிந்தது எனத் தெரியாது. உயர் அழுத்தப் பீச்சு நல்ல ரப்பரையும் தாண்டும் என்பதால் அது பொய்யான முடிவையே தரும். பழைய வண்டிகளின் டிக்கியை உள்ளிருந்து திறக்க இயலாது. அமெரிக்காவில் இவ்வசதி 2002 மாதிரி ஆண்டு முதல்தான் கட்டாயமானது. ஆகவே பின்னிருக்கையை மடித்து வழி வைத்துக்கொள்ளாமல் எவரும் உள்ளே இருத்தல் கூடாது. சிறுவரை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

தனியாக வேலை செய்பவருக்கு வேறொரு முறை உண்டு. கண்ணாடிகளை ஏற்றி, வெளிக்காற்றை உள்ளிழுக்குமாறு காற்றாடியை முழு வேகத்தில் இயக்கி, இணைப்புகளின் மேல் சோப்பு நீரைத் தடவினால் கசியும் இடத்தில் குமிழிகள் எழும். பீடிங்கைச் சோதிக்க, தாள் துண்டொன்றை வைத்து மூடியை அடைத்து இழுத்துப் பார்க்கலாம். எளிதாக உருவி வரும் இடத்தில் பிடிப்பு இல்லை என்று பொருள்.

சீர்செய்தல்

பழைய பசையைச் சுரண்டி, துருவை நீக்கி, பிரைமர் பூசிய பின்னரே புதிய சீலண்ட் இட வேண்டும். தகட்டு இணைப்புகளுக்குப் பாலியுரேத்தேன் வகையும், பின்விளக்குகளுக்குப் பியூட்டைல் நாடாவும் ஏற்றவை. கடைகளில் எளிதாகக் கிடைக்கும், காடி மணம் வீசும் சிலிக்கோன் இதற்கு உகந்ததன்று. அது உலரும்போது வெளிவிடும் அசெட்டிக் அமிலம் துருவைத் தூண்டும். அதன்மேல் வண்ணப்பூச்சும் ஒட்டாது. காற்றுத் துவாரங்களின் விளிம்பை மட்டுமே அடைக்க வேண்டும். மடலையே ஒட்டிவிட்டால் உட்புறக் காற்றோட்டம் தடைபட்டு ஈரம் மேலும் தங்கும்.

பீடிங் நன்றாக இருந்தும் மூடி இறுக்கமாக அமரவில்லையெனில், பூட்டுக்கொக்கியையும் மூலை ரப்பர் குமிழ்களையும் சரிசெய்தாலே போதும். ஸ்டெப்னிக் குழியில் துளையிட்டு நீரை வெளியேற்றுவோரும் உளர். இதனால் தேக்கம் குறையுமேயன்றிக் கசிவு நிற்காது. துளையின் விளிம்பில் வண்ணம் பூசாவிடில் அங்கேயே புதிய துரு தொடங்கும்.